மாதா தொட்டிக் கொசுக்கள்

பயப்படாதீர்கள் அம்மா, பாட்டிலில் இருப்பது கொசுதான். உட்காருங்கள். இன்னும் யாரையும் கடித்ததில்லை. பிறந்து ஆறு நாள்தான் ஆகிறது. சீனித்தண்ணீரில் நனைத்த பஞ்சைத் தவிர வேறெதையும் வாயில் வைத்ததில்லை. நானே வளர்த்தவை, எனக்குத் தெரியாதா?

கண்டக்டரும் முதலில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். "இன்னாம்மா அது, மீனா?" என்றார். கொசு தம்பி என்றேன். இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனவர், கல்மண்டபம் ஸ்டாப்பிலிருந்து இன்னும் முன்னால் வரவில்லை. போகட்டும். அவர் பிழைப்பு அவருக்கு.

கார்ப்பரேஷன் மண்டல ஆபீசில் பதினோரு மணிக்கு விசாரணை. எனக்கில்லை. முனிரத்தினம் என்று ஒருத்தர், எங்கள் தெருவுக்கு மலேரியா மருந்து அடிக்க வருகிறவர். அவருக்கு வேலை இருக்குமா போகுமா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். அவருக்கு இந்தக் கொசுக்கள்தான் சாட்சி. இதுகளைத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டுமே, அதற்காக நான் போகிறேன். அவ்வளவுதான்.

என் பேர் வியாகுலமேரி. எட்டாவது வரைக்கும் படித்தேன். பெண்ணைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தாயிற்று. பையன் கிளமென்ட் கூரியர் கம்பெனியில் இருக்கிறான். வீட்டுக்காரர் ஹார்பரில் இருந்து ரிட்டயர் ஆகி, வீட்டில் பேப்பர் படிக்கிறார். எனக்கு வேலை என்றால் சமையலும், எங்கள் தெருமுனை மாதா கெபியும்தான். பத்தொன்பது வருஷமாகக் கெபிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பாருங்கள், கழுத்துச் செயினிலேயே கோத்து வைத்திருக்கிறேன். தாலி ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம்.

கெபி என்றால், குகை மாதிரி கல்லடுக்கி மாதா சுரூபம் வைத்திருப்போம். எங்கள் கெபியில் மாதாவின் காலடியில் ஒரு தொட்டி உண்டு. ஒரு ஆள் அகலம், முழங்கால் ஆழம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், போட்ட காசு தெரியும். எங்கள் தெருவில் சாக்கடை உண்டு, குப்பைத்தொட்டி உண்டு, மீன் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் உண்டு. அங்கெல்லாம் நான் தலையிடுவதில்லை. ஆனால் அந்தத் தொட்டியில் ஒரு இலை விழ விடமாட்டேன். ஜனங்கள் அந்தத் தண்ணீரைத்தான் தீர்த்தமாகக் கொண்டுபோவார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிட்டுப் போகும். நான் அப்படியே கொடுக்க மாட்டேன், வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் கொடுப்பேன். துணியில் சின்னச் சின்ன உயிர்கள் நெளியும். தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தால்தானே உயிர் தங்கும்? பாவம், அதுவும் ஆண்டவர் படைப்பு என்று திரும்பத் தொட்டியிலேயே உதறிவிடுவேன். ஒன்றைக்கூடத் தரையில் விட்டதில்லை.

முனிரத்தினம் எங்கள் தெருவுக்குப் பதினோரு வருஷமாக வருகிறார். புதன்கிழமை காலையில் வருவார். தோளில் மருந்துப் பம்ப், கையில் டார்ச், சட்டைப்பையில் சாக்பீஸ். கிணறு, மாடித்தொட்டி, தண்ணீர் ட்ரம் எல்லாவற்றையும் திறந்து பார்த்து மருந்து ஊற்றுவார். ஊற்றிவிட்டுச் சுவரில் தேதி எழுதுவார். சுவரில் தேதி இருந்தால் ஊற்றியாயிற்று என்று அர்த்தம். மேலே இருந்து யார் வந்தாலும் அந்தத் தேதியைத்தான் பார்ப்பார்கள்.

முதல் வாரமே கெபித் தொட்டியிடம் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், அதைச் சொல்ல வேண்டும். வந்து, "வியாகுலம்மா, இங்கதான் மொதல்ல ஊத்தணும்" என்றார். மாதா தண்ணீரில் பூச்சிமருந்தா? பிள்ளைகள் குடிக்கிற தண்ணீராயிற்றே. குடிக்கிற தண்ணீரில் ஊற்றுகிற மருந்துதான், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அவர் எவ்வளவோ சொன்னார். நான் சண்டை போடுகிற ஆள் இல்லை அம்மா. யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான் செய்தேன். ஒரு மணிநேரம் நின்று பார்த்தார். பிறகு, தேதி மட்டும் எழுதிட்டுப் போங்க தம்பி, மாதா பாத்துப்பாங்க என்றேன். எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் திரும்ப வந்து கேட்டார், நான் திரும்ப உட்கார்ந்தேன். மூன்றாவது மாதம் அவர் சம்சாரத்துக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று ஓடிவந்தார். நான் ஒரு டம்ளர் தீர்த்தம் வடிகட்டிக் கொடுத்தேன். ராத்திரியே சுகப்பிரசவம், பெண் குழந்தை. அதற்கப்புறம் அந்த மனுஷன் தொட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. புதன்கிழமை வருவார், செருப்பைக் கழற்றுவார், கும்பிடுவார், தேதி எழுதுவார், போய்விடுவார். பதினோரு வருஷம்.

இந்த வருஷம்தான் கொசு தாங்க முடியவில்லை. அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். தினம் சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் கெபிக்கு முன்னால் பாய் விரித்து மாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டி ஜெபம் சொல்வோம். சரியாக அந்த நேரத்துக்குக் கொசுவும் வந்துவிடும். அருள்நிறை மந்திரம் பாதியில் இருக்கும்போது பட்டென்று ஒரு அடி, சர்வேசுரனுடைய மாதாவே என்னும்போது இன்னொரு அடி. நாற்பது பேர் தொடையிலும் கன்னத்திலும் அடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? நாங்கள் எல்லாரும் கைதட்டிப் பாடுகிற சபைக்கு மாறிவிட்டோம் என்று பக்கத்துத் தெருவில் பேசிக்கொண்டார்களாம்.

முனிரத்தினம் தினம் வந்து புகை அடித்தார். புகை போன பிறகு பார்த்தால் கொசு அப்படியே சுவரில் இருக்கும். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம்கூட இல்லை, ஒரு நினைப்பு. மருந்தை வெளியே விற்றுவிட்டு வெறும் புகையை விடுகிறாரோ என்று. யாரையும் குறை சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பூசை முடிந்து வருகிறவர்களிடம் மட்டும், அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள், சபலம் யாருக்கும் வரும் என்று சொல்லி வைத்தேன்.

அந்த மாசக் கடைசியில் கிளமென்ட்டுக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள். சாயங்காலம் நாலு மணி ஆனால் உடம்பு தூக்கிப் போடும், மூன்று போர்வை போட்டாலும் கட்டில் ஆடும். இருபத்தெட்டு வயசுப் பிள்ளை, அம்மா அம்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினான். ரத்தம் பார்த்தார்கள். மலேரியா. பதினாலு நாள் மாத்திரை. அது என்ன வழக்கமென்றால், மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள், பாதியில் நிறுத்திவிடுவோமாம். மலேரியாக்காரர் தினம் வீட்டுக்கு வந்து, விழுங்குகிற வரைக்கும் நின்று பார்க்க வேண்டும். முனிரத்தினம் பதினாலு நாளும் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகூட வந்தார். "நாக்கத் தூக்கிக் காட்டு கண்ணு" என்பார் கிளமென்ட்டிடம், சின்னப்பிள்ளையிடம் சொல்கிற மாதிரி.

அவர் மேல் மனு பன்னிரண்டாம் நாள் போனது.

நான் அப்படி எழுதச் சொல்லவில்லை அம்மா. கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். கிளமென்ட் காய்ச்சல் கோபத்தில் படுத்துக்கொண்டே எழுதினான். கடமை தவறிய, மருந்தில் கலப்படம், தகுந்த நடவடிக்கை என்று என்னென்னவோ வந்துவிட்டது. நான் கையெழுத்து மட்டும் வாங்கினேன். நாற்பத்தொரு கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று வாங்கியது. மறுநாள் அவர் மாத்திரை கொடுக்க வந்தபோது மனசு கேட்கவில்லை, ஒரு டம்ளர் காப்பி கூடுதலாகச் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை மண்டல ஆபீசில் இருந்து ஆபீசர் வந்தார். கூடவே முனிரத்தினம். ஆபீசர் நல்ல மனுஷர்தான், வியர்த்துக்கொண்டே இருந்தார். வீடுவீடாகப் பார்த்தார். மாடித்தொட்டி எல்லாம் மூடி போட்டிருந்தது. கிணற்றில் மருந்து வாடை. ஒரு இடத்திலும் புழு இல்லை. எனக்கே முனிரத்தினத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கடைசியில் கெபிக்கு வந்தார். வாங்க சார், எங்க தொட்டியப் பாருங்க, தெருவுலயே சுத்தமான தண்ணி இதுதான் என்று நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

டார்ச் அடித்தார். அடித்தவர் அப்படியே குனிந்து நின்றார். நானும் பார்த்தேன். நான் தினமும் பார்க்கிற அதே சின்ன உயிர்கள்தான். வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. "இத்தினியும் கொசுப்புழும்மா" என்றார் ஆபீசர். பிறகு சுவரைப் பார்த்தார். சுவரில் முந்தின நாள் புதன்கிழமைத் தேதி, முனிரத்தினம் கையெழுத்தில், அழகாக இருந்தது.

"நேத்து இதுல இவரு மருந்து ஊத்துனாராம்மா?" என்று என்னைக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து என் கையில் ஜெபமாலை இருந்தது அம்மா. ஜெபத்தின் நடுவில் பேசக்கூடாதே. நான் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கவில்லைதான். ஆனால் ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன். பத்தொன்பது வருஷம், கழுத்தில் சாவி, பின்னால் தெருவே நிற்கிறது, முன்னால் மாதா நிற்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. முனிரத்தினம் ஒரு தரம் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான் சார் ஊத்த மறந்துட்டேன். அந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

ஊற்றாமலே தேதி எழுதினாயா என்று கேட்டு, ஆபீசர் அவரை அங்கேயே வேலைக்கு வரவேண்டாமென்று நிறுத்திவிட்டார். விசாரணை முடிகிற வரைக்கும் நிறுத்தம். காண்டிராக்ட் வேலைதான், விசாரணையில் தப்பு என்று ஆகிவிட்டால் ஒரேயடியாகப் போய்விடும். பம்பைக் கழற்றிக் கொடுத்தார். சாக்பீசையும் எடுத்துக் கொடுத்தார், அரை சாக்பீஸ். அதைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை, யார் கேட்கப் போகிறார்கள். அதுதான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

தொட்டியை இறைத்துக் காயப்போடச் சொன்னார்கள். அதற்கு முன்னால் புழுவை எடுத்துப் போக ஒரு பெண் வந்தாள். தஸ்லிமா என்று பேர். பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிற பிள்ளை, கல்யாணம் ஆகவில்லை, நல்ல மரியாதை. நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியால் தொட்டியில் மொண்டு மொண்டு பார்த்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும், சூப்பர் ஆன்ட்டி, சூப்பர் ஆன்ட்டி என்றாள். தேங்க்ஸ் என்றேன்.

சாக்கடைக் கொசு வந்து மாதா தொட்டியில் முட்டை போட்டுவிட்டது பாரம்மா, என்ன அநியாயம் என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். மலேரியாக் கொசு சாக்கடைப் பக்கமே எட்டிப் பார்க்காதாம். அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டுமாம். எங்கள் தண்ணீர் ரொம்பச் சுத்தமாயிற்றே என்றேன். "அதனாலதான் ஆன்ட்டி உங்ககிட்ட வந்திருக்கு" என்றாள். தெருவிலேயே சுத்தக்காரி என்று பேர் வாங்கியவள் நான். கொசுகூட விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது.

அவளிடம்தான் கேட்டேன், முனிரத்தினம் மருந்தில் ஏமாற்றினாரா என்று. அவள் சொன்னது என்னவென்றால், பல ஊர்களில் இந்தக் கொசுவுக்கு மருந்து சரியாக ஏறுவதில்லையாம். வருஷக்கணக்கில் அதே மருந்து. நான் உடனே, தெரியும் கண்ணு, நான் என் பிள்ளைகளைத் திட்டுகிற மாதிரி, முதலில் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டது என்றேன். அப்படி இல்லை என்றாள்.

"பழகுறது இல்ல ஆன்ட்டி. நூறு கொசுல தொண்ணூறு செத்துடும், பத்து தாங்கிடும். அந்தப் பத்துதானே அப்புறம் முட்டை போடும்? அதுங்க பிள்ளைங்க எல்லாம் தாங்குற பிள்ளைங்களாவே பொறக்கும்."

அப்போ அது தாய் தகப்பன் செய்த புண்ணியம் என்றேன். அவளுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது போல, நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்படியானால் முனிரத்தினம் ஒழுங்காக அடித்திருந்தாலும் கொசு செத்திருக்காதா என்று கேட்டேன். செத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், பரிசோதித்துப் பார்த்தால் தெரியும் என்றாள். மருந்து தடவின தாளோடு கொசுவைக் குழாயில் ஒரு மணிநேரம் அடைத்து, மறுநாள் செத்தது எத்தனை, பிழைத்தது எத்தனை என்று எண்ணுவார்களாம். ரிப்போர்ட் எப்போது வரும் என்றேன். எல்லாத் தெருவும் முடிந்து மூன்று மாசம் ஆகும் என்றாள். விசாரணை இரண்டு வாரத்தில்.

அதனால்தான் அம்மா, தொட்டியை இறைக்கிறதுக்கு முன்னால் இந்த ஊறுகாய் பாட்டிலில் நானும் ஒரு கரண்டி மொண்டுகொண்டேன். எப்படி வளர்ப்பதென்று தஸ்லிமா சொல்லிக்கொடுத்தாள். பாட்டிலை ஸ்டோர் ரூமில் வைத்து, மேலே என் பெண் சின்ன வயசில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும்போது தலையில் போட்ட முக்காட்டைக் கட்டினேன். ஜரிகை வைத்த வலைத்துணி, இருபது வருஷமாக பீரோவில் கற்பூர வாசனையோடு இருந்தது. பெண்ணுக்குப் போனில் சொன்னேன். எதுக்கு என்று மூன்று தரம் கேட்டாள்.

ஒரு வாரத்தில் ரெக்கை வந்துவிட்டது. எனக்கே ஒரு மாதிரி பாசம் வந்துவிட்டது, பொய் சொல்லக்கூடாது. இருங்கள், உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன். மூடியில்லை, ரப்பர் பேண்டுதான். துணியைக் கொஞ்சம் விலக்கினால்தான் தெரியும். அதோ, கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிறதே, பார்த்தீர்களா? மற்றக் கொசு எல்லாம் சப்பென்று படிந்து உட்காரும். இது மட்டும் தலையைக் கீழே வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும். சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடப் போகிற மாதிரி இல்லை? இவ்வளவு பக்தியாக உட்காருகிற ஜீவன் மேல் எப்படிச் சந்தேகம் வரும் சொல்லுங்கள். சரி, மூடிவிடுகிறேன். பஸ் குலுங்குகிறது.

நேற்று சாயங்காலம் புகை அடிக்க வந்தார்கள். மனு போன பிறகு ஆபீசரே நின்று, அவர் கையாலேயே மருந்தை அளந்து ஊற்றுகிறார். புது ஆள் அடிக்கிறான். நான் பாட்டிலைக் கொண்டுபோய் நடுரோட்டில் நின்று, தம்பி, இதுக்குள்ள அடிங்க என்றேன். அவன் ஆபீசரைப் பார்த்தான். மனுவுக்குக் கையெழுத்து வாங்கிய அம்மா என்று ஆபீசர் நினைத்தாரோ என்னவோ, அடிப்பா என்றார். குழாயைத் துணிமேல் வைத்து, நான் ஒரு முழு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கிற வரைக்கும் அடித்தான். பாட்டில் பால் மாதிரி வெள்ளையாகிவிட்டது.

அப்புறம்தான் பெரிய சங்கடம். அக்டோபர் முழுக்க இந்தக் கொசுவெல்லாம் சாகவேண்டும் என்று அந்தோணியாருக்கு நவநாள் வைத்தவள் நான். நேற்று சாயங்காலம் அதே அந்தோணியார் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, சுவாமி, இதுகள் சாகக்கூடாது, எப்படியாவது பிழைக்க வையுங்கள் என்று கண்ணீர் விட்டேன். அவருக்குக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும். வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். கொசுவுக்கு என்றேன். திரும்பப் பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

பதினாலு கொசு புகைக்குள் போனது. சிலுவைப்பாதை நிலைகள் பதினாலு இருக்கிறதல்லவா, அதே கணக்கு. இன்று காலையில் எண்ணிப் பார்த்தேன், இரண்டு செத்துக் கிடந்தது. மீதி பன்னிரண்டும் உயிரோடு. அப்போஸ்தலர் மாதிரி பன்னிரண்டு. ஆபீசர் கையால் கலந்த மருந்து, ஆபீசர் கண்முன்னால் அடித்த புகை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பாட்டிலை அவர் மேஜைமேல் வைக்கப்போகிறேன், ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. அதுதான் இதில் பெரிய சௌகரியம்.

என்ன கேட்டீர்கள்?

புகைக்குச் சாகாதது சரி. தொட்டியில் ஊற்றாமல் தேதி எழுதியதற்கு இந்தக் கொசு என்ன பதில் சொல்லும் என்கிறீர்களா.

நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள்? பேங்கா? அதுதான் பார்த்தேன்.

ஆபீசர் அதைக் கேட்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். இவ்வளவு உயிரோடு கொசுவைப் பார்த்தால் மனுஷனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகாதா? கேட்பார் என்கிறீர்கள். கேட்பார்தான். வேலையை நிறுத்தியதே அந்தத் தேதிக்காகத்தானே. கலப்படப் பழி போய்விடும், தேதிப் பழி அப்படியே நிற்கும்.

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். பதினோரு வருஷமாக நான்தான் ஊற்ற விடவில்லை, தேதி மட்டும் எழுதச் சொன்னேன், ஆபீசர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டேன், எல்லாம். அழுதுகூடச் சொன்னேன். ஃபாதர் சின்ன வயசுக்காரர், போன வருஷம்தான் குருப்பட்டம் பெற்றவர். "ஆண்டவருக்கு இது முன்னாடியே தெரியும்மா. தெரியாதது ஆபீசருக்குத்தான்" என்றார். நான் அபராதம் என்ன ஃபாதர், எத்தனை பரலோக மந்திரம் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. போய்வாருங்கள் என்றுவிட்டார். புதுசு பாருங்கள், அபராதம் கொடுக்க மறந்துவிட்டார் என்று நினைத்து, நானாகவே பத்து பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டேன்.

மறந்திருக்க மாட்டார், இல்லையா?

சொல்வதில் ஒன்றும் இல்லை. தேதி மட்டும் எழுதச் சொன்னது நான்தான் சார். ஊத்த விடாம தொட்டிக்கு முன்னாடி உட்கார்ந்தது நான்தான் சார். இரண்டு வரிதான். உங்களிடம் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள். ஆனால் விஷயம் தெருவுக்குப் போகும். நாற்பத்தொரு பேரும் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள். என் பிள்ளைக்கு வந்த மலேரியா நான் வடிகட்டி வடிகட்டித் திரும்ப உதறிவிட்ட கொசுவால்தான் வந்தது என்று ஆகும். கிளமென்ட் என்னை எப்படிப் பார்ப்பான்? சாவியை எங்கள் தெரு எஸ்தாக்கி டீச்சரிடம் கொடுக்கச் சொல்வார்கள். அந்த அம்மாவுக்கு மாதாவின் கிரீடத்தைக்கூடத் துடைக்கத் தெரியாது. துடைப்பத்தால் தட்டுவாள். நான் குறை சொல்லவில்லை.

முனிரத்தினம் வீட்டுக்குப் போனேன், முந்தாநாள். நான் சொல்லாமல் விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளமென்ட்டுக்கு மறுபடி காய்ச்சல் எட்டிப் பாக்கலியே என்று அதைத்தான் கேட்டார். அவர் பெண்ணுக்குப் பத்து வயசு. என்னைப் பார்த்ததும், தீர்த்தம் கொண்டு வந்திருக்கீங்களா ஆயா என்றது. தொட்டி காய்ந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஸ்டாப்தான் என்னுடையது. கொஞ்சம் அந்தக் கூடையை எடுங்கள். பாட்டிலை நான் பிடித்துக்கொள்கிறேன்.

ரப்பர் பேண்ட் எங்கே?

அய்யோ மாதாவே. உங்களுக்குக் காட்டினேனே, அப்போது சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது. முக்காடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இருங்கள், எண்ணுகிறேன். எண்ண என்ன இருக்கிறது. ஒன்றுதான் இருக்கிறது. அடியில், அந்தப் பஞ்சுக்குப் பக்கத்தில். கும்பிட்டுக்கொண்டு.

தட்டாதீர்கள் சார், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறவரே, தட்டாதீர்கள். பகலில் கடிக்காது. இருட்டினால்தான். அதற்குள் பஸ் டிப்போவுக்குப் போய்விடும். கண்டக்டர் தம்பி, விசில் ஊதவேண்டாம், நானே இறங்குகிறேன். நீங்கள் முன்பக்கம் வரவேண்டியதில்லை, அங்கேயே இருங்கள்.

பதினொன்று போய்விட்டது அம்மா. ஒற்றைக் கொசுவைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தால் ஆபீசர் என்ன நினைப்பார்? கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்து என்னம்மா என்பார்.

அடுத்தது நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்.

இந்தப் பாட்டிலை வைத்துக்கொள்கிறீர்களா? வேண்டாம், வேண்டாம், சும்மா கேட்டேன். நானே கொண்டு போகிறேன், பேச்சை ஆரம்பிக்க ஒன்று கையில் இருக்கட்டும். முக்காட்டையாவது பெண்ணுக்குத் திருப்பி வைக்கலாம். இந்தச் செயின் கொக்கி ஒன்று, எப்போதும் கழற்ற வராது. கொஞ்சம் பின்னால் பிடியுங்களேன், சாவியை மட்டும் உருவிக் கையில் வைத்துக்கொள்கிறேன். அவர்கள் கேட்கிறவரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும். அவர் அரை சாக்பீசைக்கூட எடுத்துக் கொடுத்தாரே.

வந்தாயிற்று. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுவீர்களோ தெரியாது. பதினோரு மணிக்கு எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். எனக்கும் முனிரத்தினத்துக்கும் மட்டும் போதும். கொசுவுக்காக வேண்டாம். அதுகள் பிழைத்துக்கொள்ளும்.